அக்காவின் மூன்று இலக்கம்

அக்கா,

இன்று பவானிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் போனில் அந்தப் பந்து ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தாள். போனைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. தட்டும்போது ஒரு 'டிக்', கம்பத்தில் முட்டி விழும்போது ஒரு 'தொம்', அதன் பிறகு அவள் போடும் 'ச்சே'. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் 'ச்சே' பல தடவை கேட்டது. என் கட்டைவிரல் புடவைத் தலைப்பின் மேல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. கூடவே உங்கள் மேல் இருந்த எரிச்சலும் வந்துவிட்டது. நீங்கள் போய் வருஷம் ஆகப் போகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு சிவப்புப் பந்து. தட்டினால் எழும்பும், விட்டால் இறங்கும். மேலிருந்தும் கீழிருந்தும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே அதை ஓட்டிப் போக வேண்டும். தாண்டும் கம்பத்துக்கு ஒரு புள்ளி, முட்டினால் முதலிலிருந்து. கஷ்டமான விளையாட்டாக இருந்தால் நமக்கு வராது என்று விட்டுத் தொலைக்கலாம். இது சுலபம் போலத் தெரிவதால்தான் விட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் போனதாகவே தோன்றும். இனி இதைத் தொட்டால் ஏனென்று கேள் என்று காலையில் போனிலிருந்து அழிப்பேன். உலை கொதிப்பதற்குள் மறுபடி ஏற்றிக்கொள்வேன். எத்தனையோ நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது.

உங்கள் போனில் அதை ஏற்றிக் கொடுத்ததே நான்தான். மூத்த மருமகள் நீங்கள் தறிப்பட்டறையைப் பார்ப்பது, இளையவள் நான் அடுப்படியைப் பார்ப்பது என்று நம் வீட்டில் ஏற்பாடு. ஒரு நாள் பட்டறைக்கு டீ கொண்டுவந்தபோது, உங்களையும் கொஞ்சம் தவிக்க விடலாமே என்று போட்டுக் கொடுத்தேன். அந்த வாரமே நீங்கள் மூன்று இலக்கத்தைத் தொட்டீர்கள். மாதக்கணக்கில் ஆடியும் நான் இரண்டு இலக்கத்தில் கிடந்தேன்.

தறிகள் ஓடும் இரைச்சலில் நின்றபடி, ஒரு கண் தறியில் ஓடும் பாவு நூலின் மேலும் ஒரு கண் போன் மேலுமாக நீங்கள் ஆடுவீர்கள். இழை அறுந்தால் பந்தை அப்படியே சாக விட்டு, தறியை நிறுத்தி முடிச்சுப் போடப் போய்விடுவீர்கள். நான் உயிரைக் கொடுத்துத் துரத்துவதை நீங்கள் அலட்சியமாகக் கீழே போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. இதில் என் வீட்டுக்காரர் வேறு, சாப்பிடும்போதெல்லாம், "எங்கண்ணிய அடிச்சுக்க ஆளே இல்ல" என்பார். என்றைக்காவது நீங்கள் வைக்கும் குழம்புக்கும் அதே வார்த்தைதான். வயிறெரியாமல் எப்படி இருக்கும்?

நான் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்து ஆடுவேன். ஒரு நாள் எட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"ஏஞ்சாமி, ஊட்டுக்குள்ளாற உக்காந்து கண்ணக் கெடுத்துக்கற? தறிக்கிட்ட வந்து ஆடு, கை தானா வரும்."

வேலை செய்யாமல் ஆடுகிறேன் என்று குத்திக் காட்டுகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நம்மைப் போன்ற தறிக்காரர் வீட்டில் 'தறிக்கிட்ட வா' என்றால் வேலைக்கு வா என்றுதானே அர்த்தம்? "எனக்கு அடுப்புல வேல கெடக்குதுங்க்கா" என்று வெடுக்கென்று சொன்னேன். நீங்கள் பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டீர்கள்.

காய்ச்சல் என்று ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி நடந்து வரவில்லை. காரியம் முடிந்ததும் உங்கள் தறிகள் என்னிடம் வந்தன. முதல் சில வாரங்கள் போனை எடுக்கவே நேரமில்லை. பிறகு ஒரு மத்தியானம், தறிகள் சீராக ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்தேன். தறி அடிக்க அடிக்க என் விரலும் அதோடு சேர்ந்து விழுந்தது. பதறித் தட்டவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. பந்து ஒரே மட்டத்தில் மிதந்து போனது. நான் வீட்டுக்குள் தேடி அலைந்த நிதானம் இந்த இரைச்சலில் இருந்திருக்கிறது. நீங்கள் அன்று குத்திக் காட்டவில்லை, வழிதான் சொன்னீர்கள்.

அன்றே உங்கள் எண்ணைத் தாண்டிவிட்டேன். "அக்கா, பாருங்க!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரிடமாவது காட்டியாக வேண்டுமே. தறியை நிறுத்திவிட்டு, வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த இவரிடம் ஓடினேன்.

வாங்கிப் பார்த்தார். "அண்ணி இருந்திருந்தா இன்னேரம் இதையும் தாண்டியிருப்பாங்க" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்ததால் சண்டை போடவும் முடியவில்லை.

உங்களை ஜெயித்துவிட்டேன் அக்கா, ஆனால் நீங்கள் தோற்கவில்லை. இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கவும் மாட்டீர்கள். தெரு முழுக்க என் எண்ணைச் சொல்லிப் பெருமையடித்திருப்பீர்கள். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்திருக்கும். அழுகை எப்போதோ நின்றுவிட்டது, இந்தப் பொறாமை மட்டும் குறையவில்லை. குறைய வேண்டாம் என்றுதான் தினமும் ஆடுகிறேன்.