தொழிற்சாலையில் பிறந்த ரம்புத்தான் மரம்

என் செல்லப் பரமு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் நினைவு நாளன்று ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பூப் படம் போடுவார்கள். நான் போடப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடம் பக்கத்து வகுப்பில் இருந்துகொண்டு உன்னைப் பார்த்து வயிறெரிந்தவள் நான்.

உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கூலாயில் நம் தமிழ்ப்பள்ளியின் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உன் பிள்ளைகள் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், உன்னையே மடக்கிக் கேள்வி கேட்பார்கள். இந்தப் பக்கம் என் பிள்ளைகள் மாதிரிக் கட்டுரையை ஒப்பிப்பார்கள். தேர்வில் என் வகுப்புக்குத்தான் அதிகச் சிறப்புத் தேர்ச்சி. ஆனால் மணி அடித்ததும் என் பிள்ளைகள் ஓடிப்போய் நிற்பது உன் வாசலில். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்.

அந்த ரம்புத்தான் மர விஷயம் ஞாபகம் இருக்கிறதா? பென்சில், குடை, பள்ளிப்பை என்று எந்தப் பொருள் தன் கதையைச் சொல்லும் கட்டுரை வந்தாலும் பொருந்தும்படி ஒரே கட்டுரையை மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். அந்த வருடம் கேள்வித்தாளில் மரத்தைக் கொடுத்துவிட்டார்கள். என் வகுப்பு மொத்தமும், "நான் ஒரு ரம்புத்தான் மரம். நான் ஷா ஆலாமில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பிறந்தேன்" என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தது. கேண்டீனில் நீ குடித்த தேநீர் மூக்கில் ஏறும் வரை சிரித்தாய். "ஏன்க்கா, அந்த ஃபேக்டரியில மரத்துக்கு ஓவர்டைம் குடுப்பாங்களா லா?" என்றாய். இரண்டு வாரம் நான் உன்னோடு பேசவில்லை.

உன் சாவு வீட்டில் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று கேட்காதே. இருந்தாள்.

இப்போது உன் பிள்ளைகளும் என்னிடம்தான். ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வை நீ இருக்கும்போதே ரத்து செய்துவிட்டார்கள். பயிற்சிப் புத்தகங்கள் மட்டும் எங்கும் போகவில்லை, கோப்புகளும் குறையவில்லை. போன வருடம் உன்னிடம் படித்த திவ்யா இருக்கிறாளே, அம்மா விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், அந்தப் பெண். போன மாதம் 'நான் ஒரு காலணி' என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லாருடைய காலணியும் தொழிற்சாலையில் பிறந்து, கடையில் விற்கப்பட்டு, கடைசியில் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. அவளுடையது மட்டும், "நான் இடது கால். வலது கால் பள்ளி வேனில் தொலைந்துவிட்டது. அம்மா களைப்பாக இருப்பதால் திவ்யா இன்னும் சொல்லவில்லை" என்று தொடங்கியது.

படித்ததும் உன் குரல்தான் கேட்டது. "மொதல்ல அந்தப் பொருளுக்கு எங்க வலிக்குதுன்னு கேளுங்க, அப்புறமா எழுதுங்க" என்பாயே, அந்தக் குரல். செத்த பிறகும் இவள் என் வகுப்பில் பாடம் நடத்துகிறாளா என்று ஆத்திரம் வந்தது. 'பிறந்த இடம் எங்கே? முன்னுரை இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி, மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைத்தேன்.

நேற்று அடுத்த கட்டுரை வந்தது. திவ்யாவின் குடை ஷா ஆலாமில் பிறந்திருந்தது. ஒரு பிழை இல்லை. அவளைக் கூப்பிட்டு, "இது நீ எழுதுனதாம்மா?" என்று கேட்டேன்.

"மனப்பாடம் பண்ணிட்டேன் டீச்சர். இப்ப சரியா?" என்றாள்.

"அந்தக் காலணி கிடைச்சுச்சா?"

"அது சும்மா எழுதுனது டீச்சர். இனிமே அப்படி எழுத மாட்டேன்."

பரமு, நான் ஜெயித்துவிட்டேன். உன் கடைசிப் பிள்ளையையும் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை தன் வாயை மூடிக்கொண்டதுதான் எனக்குக் கிடைத்த பரிசு.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், டீச்சர் திருத்தினதுதான் தப்பு என்று அவளிடம் சொல்வேன். அதன் பிறகும் அவள் எழுதாவிட்டால்? தெரியவில்லை. எழுதும் வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். எழுதினால் அது நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான் இருக்கும். எனக்கு மறுபடியும் வயிறெரியும். எரியட்டும்.

உன்னோடு பிறக்காத அக்கா,
பக்கத்து வகுப்பு தேவி