செல்லம்மாவின் இரத்தத்தில் கண்டது

1969 மார்ச், வியாழன் இரவு. லுணுகலை.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், காய்ச்சலோடு கிடந்த செல்லம்மாவுக்கு வெறும் சளி, தடிமன் காய்ச்சல் என்றுதான் மருத்துவ மாணவிகளான எங்களைப் பயிற்சிக்கு அழைத்து வந்த பேராசிரியர் சொன்னார். மலேரியாவாக இருக்குமோ என்று கேட்டேன்; சிரித்தார்.

"இந்த மலையில ஏதும்மா மலேரியா?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, வெளியூர் எங்கயும் போனீங்களா?"

"ஆமாங்க, பிபிலைக்குக் கல்யாணத்துக்குப் போனோம்."

பிபிலை மலைக்குக் கீழே, மலேரியா பரவும் ஊர். உடனே அவள் விரலில் குத்தி இரத்தம் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் நுண்ணோக்கியில் தேடினேன். சிவப்பணுவுக்குள் குட்டி மோதிரம் போல மலேரியாக் கிருமி! கத்தியே விட்டேன். பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

"நான் கேட்காததை நீ கேட்டிருக்கே" என்றார்.

செல்லம்மா மாத்திரையை விழுங்கிவிட்டு, "பொழைச்சுக்குவேனா, டாக்டரம்மா?" என்றாள்.

"பொழைச்சுக்குவீங்க."

விடிந்ததும் கல்யாணத்துக்குப் போன எல்லாரிடமும் இரத்தம் எடுக்கிறோம். முன்னால் நான்தான் போகவேண்டுமாம், பேராசிரியரின் உத்தரவு.