முன்னும் பின்னும் ஏகாம்பரம்

அன்புள்ள அம்மாவுக்கு, கௌதம் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். போனில் பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அயனம்பாக்கத்தில் என் அறைக்கு வண்டி நிறுத்த இடமில்லை. நேற்று டாக்சியைத் தெருவில் விட்டேன். எதிர்வீட்டு ஏகாம்பரம், "இன்னாபா, நிறுத்த என் ஊட்டு வாசல்தான் கெடச்சுதா?" என்று கத்திவிட்டு, முன்னால் தன் காரையும் பின்னால் மகன் காரையும் இடித்தாற்போல் நிறுத்தினார். காலையில் குடும்பத்தோடு ரயிலேறித் திருப்பதிக்குப் போய்விட்டார், இரண்டு சாவியும் அவரோடு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. சவாரி இல்லை, நல்ல ஓய்வு.

போன வாரம் யாரோ டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டதால் வண்டிமேல் ஒரு கண் வைத்திருக்கிறேன். என் போர்வையைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. தலையணை சின்னதாக இருக்கட்டும், பெரியது இங்கே கொள்ளாது.

முடிக்கிறேன் அம்மா, யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.

கௌதம்