அம்மா திருத்தி அனுப்பிய கடிதம்

லௌத், லிங்கன்ஷயர்
நவம்பர் 1983

அன்பு மகள் ஹேசலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வசந்த காலத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கனடாவில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் போலிருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கறிக்கடை ஓடுகிறது. கிறிஸ்துமஸ் வான்கோழிக்கு இப்போதே சொல்லிவைக்கிறார்கள். முழங்கால்தான் மக்கர் பண்ணுகிறது. உன் அம்மா மாறவில்லை. கடைப் பலகையில் நான் "ஆட்டுக்கால்கள் வந்திருக்கிறது" என்று எழுதினால், அதை "வந்திருக்கின்றன" என்று ஆக்கிவிட்டுத்தான் பாடம் நடத்தப் பள்ளிக்குப் போகிறாள். சர்ச் அறிவிப்பையும் விடவில்லை. "பாடுதல், ஜெபித்தல், பிறகு தேநீர் குடிக்கலாம்" என்று போட்டிருந்தார்களாம். வரிசையாகச் சொன்னால் எல்லாம் ஒரே மாதிரி முடிய வேண்டாமா என்று பாதிரியாரையே வழிமறித்துக் கேட்டாள். அவர் என்னிடம் வந்து, "டெஸ்மண்ட், இனிமே பிரசங்கம் பண்ண வாயைத் திறக்கவே பயமா இருக்குப்பா" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, பெண் ஏன் எழுதுவதில்லை என்று உன் அம்மா வின்னியிடம் நேராகவே கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். கொலின் உன்னை விட்டுப் போனது அன்றுதான் எனக்குத் தெரியும், மகளே. அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று, வசந்த காலத்தில் அவளுக்குத் தனியாகப் போட்ட கடிதத்தில் நீ எழுதியிருந்தாயாம். அவள் சொல்லவில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தாள்.

மற்றதையும் சொன்னாள். "அழுகை, தூக்கம் வருவதில்லை, சாப்பிடவும் முடியாமல்" என்று நீ கொட்டியிருந்ததை "அழுகிறேன், தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை" என்று சிவப்பு மையால் வரிசைப்படுத்தினாளாம். ஒருமை பன்மை பிசகிய இடங்களுக்கெல்லாம் வட்டம் போட்டாளாம். பிள்ளைகளின் தாள்களில் எழுதுகிற மாதிரியே, கீழே "இப்போது தேவலை" என்று எழுதி உனக்கே திருப்பி அனுப்பிவிட்டாளாம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷத்தில் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன்.

அவள் ஈரக் கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவ அழறதை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியலையே, டெஸ். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதைச் செஞ்சேன்" என்றாள்.

அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நீ மன்னித்துவிடு என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கவரைப் பிரித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று கடையில் நிற்கும்போதெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிற வழக்கம் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. எனக்கும் கறி வெட்டத்தான் தெரியும், அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இப்போதெல்லாம் தாள் எடுத்து "அன்புள்ள ஹேசல்" என்று தொடங்குகிறாள். அதற்கு மேல் பேனா ஓடுவதில்லை. எழுதவே தெரியாதவள் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாள் அந்தத் தாளை அடுப்பில் போட்டதையும் பார்த்தேன்.

நீ தனியாக இருக்க வேண்டாம். வர நினைத்தால் உடனே வா. வர முடியாவிட்டால் ஒரு ஞாயிறு மாலை போன் செய். நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன், அவள்தான் எடுப்பாள். அங்கே குளிர் எப்படி, இங்கே மழை என்றுதான் பேசுவாள். வேறு எதுவும் அவள் வாயில் உடனே வராது. வைத்துவிடாதே, மகளே. கொஞ்சம் பொறு.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
டெஸ்மண்ட்