குளிரிலும் குறையாத கோடு

மார்ச் 4
இன்றும் கோடு சரிவுதான்; குளிரக் குளிரச் சிலிக்கன் துண்டில் மின்சாரம் குறைகிறது. சிலிக்கனில் பாஸ்பரஸ் கலந்தால், அறைச் சூட்டில் ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் தலைக்கு ஒரு எலக்ட்ரானை ஓடவிடும். நன்றாகக் குளிர்ந்தால் அவை திரும்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் சுமக்க ஆளே இருக்காது. உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது, என் பிஎச்.டி. கைடின் கட்டுரையைத் தவிர. அவர் கலந்த சிலிக்கனில் மட்டும் கோடு தட்டை. குளிரே உறைக்காதாம். நான் சேர்ந்த மாதம் வந்த கட்டுரை. பெரிய மனதோடு கடைசியில் என் பெயரையும் போட்டார்.

"உன் கை சரியில்லம்மா," என்றார் சார். ஐந்து வருஷமாக என் கைதான் சரியில்லை.

மார்ச் 9
இருபத்திரண்டாவது முறை. சரிவு.

மார்ச் 11
துண்டை வைத்துக் குளிர்விக்கும் கலனின் கண்ணாடி ஜன்னலுக்கு இன்று மூடி போட மறந்துவிட்டேன். கோடு தட்டை. மூடினேன், விழுந்தது. திறந்தேன், எழுந்தது. டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் புது எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன — அவ்வளவுதான் விஷயம். சாரின் பழைய நோட்டைப் புரட்டினேன். "மூடி எடுத்தாயிற்று, துண்டு நன்றாகத் தெரிகிறது." அவர் கையெழுத்து. மேதை வேடிக்கை பார்த்துக்கொண்டே அளந்திருக்கிறார்.

மார்ச் 12
சாரிடம் சொன்னேன். நோட்டைப் பார்த்தார், சுவரில் மாட்டிய விருதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "திருத்தம் அனுப்பிடலாம்." நல்ல மனுஷன்தானோ? வீணாகத் திட்டிவிட்டேனோ?

மார்ச் 20
வீணாகவெல்லாம் இல்லை. திருத்தக் கடிதத்தைக் கொடுத்தார்: "மாணவியின் கவனக்குறைவால் ஜன்னல் மூடப்படவில்லை." கட்டுரை வந்த மாதமே எனக்கு லேப் சாவிகூடக் கிடையாதுய்யா; அளந்ததோ அதற்கும் முன்னால்.

"கையெழுத்து போடு, அடுத்த மாசமே உன் தீசிஸை அனுப்பிடறேன். இல்லன்னா நீயே பாத்துக்கோ."

அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். "போட்டுத் தொலைடி. டிகிரிய வாங்கிட்டு வீரம் பேசு," என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 23
போடவில்லை. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துக் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு நானே அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 2
திருத்தம் போன வாரம் வெளியானது, அந்தப் பக்கத்தோடு. சார் என்னை எப்போதோ கழற்றிவிட்டார். இன்று வேறொரு கைடிடம் சேர்ந்தேன். படிவத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் ஐந்து வருஷம் என்று எழுதியிருந்தேன். ஆபீஸ் கிளார்க் அதை நிதானமாகக் கோடு போட்டு அடித்தார்.

"முதல் வருஷம்னா 'இல்லை'ன்னு எழுதணும்மா."

எழுதிக் கொடுத்தேன்.