சத்தம் என்று சொல்லிவிட்டேன்

சாலவாக்கம்,
பங்குனி 5, வியாழக்கிழமை

அன்புள்ள மகன் அரவிந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நவரை நெல் பால் பிடித்து நிற்கிறது. கல்கத்தாவில் நீ நலமாக இருப்பதாகச் சொல்வதை நான் பாதி நம்புகிறேன், மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும். என்னடா அம்மா போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று பயப்படாதே. போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை. மாகறல் பிரபா சம்பந்தமாகத்தான் எழுதுகிறேன், பொங்கலுக்கு வந்தபோது அவளைப் பார்த்துவிட்டு வந்து, இத்தனை நாளில் எனக்குப் பிடித்த பெண் இவள்தான் என்று நீ என்னிடம் மட்டும் சொன்னாயே, அந்தச் சம்பந்தம் என் வாயால் கெட இருந்தது.

நம் வகையறாவில் உள்ள பழக்கம் உனக்குத் தெரியும். பெண் கொடுப்பதற்கு முன் பெண் வீட்டில் யாராவது மாப்பிள்ளையின் ஊரைப் பார்த்துவிட்டு வந்து, ஊர் எப்படி என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். நீட்டிப் பேசினால் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். உன் அக்கா சசிரேகாவைத் தாமலில் கொடுத்தபோது உன் பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏரி என்றார், அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, தட்டு மாற்றிவிட்டோம். போன வாரம் நாங்கள் மாகறலுக்குப் போயிருந்தபோது பிரபாவின் அப்பா பாண்டுரங்கன், அவ்வளவு தூரம் நாங்க எங்க போய்ப் பாக்குறது, நீங்கதான் பையனோட இருந்துட்டு வந்தீங்களே, நீங்களே சொல்லுங்க என்றார். உன் அப்பா பாலம் என்று சொல்வதாக வீட்டிலேயே முடிவு செய்து வைத்திருந்தார், கல்கத்தாவில் அவருக்குப் பிடித்தது அந்த ஆற்றுப் பாலம்தானே. ஆனால் அந்த மனுஷன் அப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, பொம்பளைங்கதான் உள்ளத உள்ளபடி சொல்லுவாங்க, நீ சொல்லும்மா என்றார். சட்டென்று என் வாயில் வந்த வார்த்தை சத்தம்.

நான் பொய் சொல்லவில்லை, அந்த ஊர் அப்படித்தான் இருக்கிறது. விடிந்தால் கூவி விற்பவர்கள், மீன் மார்க்கெட்டில் சண்டை, டிராம் மணி, உன் மாடி வீட்டுக்காரர்கள் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினால்கூடப் போலீஸ் வர வேண்டும் போலிருக்கிறது. ஆனால் மார்க்கெட்டில் நான் வழி தவறி நின்றேனே, அப்போது பாஷை தெரியாத எனக்கு நாலு பேர் நாலு பக்கம் கையைக் காட்டித் தங்களுக்குள் கத்திக்கொண்டார்கள், கடைசியில் ஒரு பழக்காரம்மா கடையைப் பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு என் கையைப் பிடித்து உன் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அதையும் சேர்த்துத்தான் நான் சத்தம் என்றேன். ஒரு வார்த்தையில் பழக்காரம்மாவை எப்படிச் சொல்வது.

பாண்டுரங்கன் முகம் மாறிவிட்டது. அவர் அரிசி மில்காரர், வீட்டுச் சுவரும் மில் சுவரும் ஒன்று, மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார், சத்தமான ஊர்ல எங்க பொண்ணு எப்டிம்மா காலம் தள்ளுவா என்று. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன், வெளியே வந்த பிறகு அழுகைதான் வந்தது. பஸ்ஸில் அப்பா வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார், பாலம்னு சொல்ல உனக்கு இன்னா கேடு, எல்லாத்தையும் பேஜார் பண்ணிட்ட என்று. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. கல்கத்தாவா என்று கேட்டே ஏற்கெனவே கைவிட்டுப் போன சம்பந்தங்கள் இருக்கின்றன, இதை நானே கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை எனக்கு, உன்னிடம் சொல்லவும் தைரியம் இல்லை.

நேற்று சாயந்திரம் பிரபா அவள் அம்மா பவளத்தை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். உத்திரமேரூரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்ததும், அங்கே பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மாவை ஏற்றிக்கொண்டு நேரே வந்திருக்கிறாள். காபி குடித்துக்கொண்டே பவளம்தான் சொன்னாள். நாங்கள் போன பிறகு இவள் அப்பாவிடம், நைனா, நம்ம வூட்டுல இல்லாத சத்தமா, மில்லு நின்னா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது என்றாளாம். மறுநாள் அவர் மில்லை நிறுத்திவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பவளம், இத்தினி வருசமா நாம கத்திக்கினுதான் பேசிக்கினு கீறோமா என்று கேட்டாராம். நாங்கள் சிரித்த சிரிப்பில் அப்பா வயலிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

ஆனால் அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை, அதை நீ நன்றாகத் தெரிந்துகொள். சத்தம் உங்க வார்த்தை அத்தை, வாழப்போறவ நான், நானே போய்ப் பாத்துட்டு என் வார்த்தைய சொல்றேன் என்றாள். நம் வகையறாவில் பெண் தானே போய் ஊர் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்பா தொண்டையைச் செருமினார், நான் அவரைப் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டார். பாண்டுரங்கனும் சம்மதித்துவிட்டார், பவளம் கூடப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. சித்திரை பிறந்ததும் இரண்டு பேரும் வருகிறார்கள்.

அவர்கள் வருகிறார்கள் என்று நீ ஊரைச் சோடித்துக் காட்டாதே. பெரிய மாளிகைகளையும் பூங்காவையும் மட்டும் சுற்றிக்காட்டி அனுப்பிவிடாதே, மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போ, உன் வீட்டு இருட்டு மாடிப்படியில் ஏறவை, குழாயில் தண்ணீர் வராத நேரத்தையும் பார்க்கட்டும். கார் அனுப்பிவிட்டு ஆபீசில் உட்கார்ந்திருக்காமல் லீவு போடு. எப்படி இருக்கிறது எப்படி இருக்கிறது என்று நச்சரிக்காதே, நீயாக ஒரு வார்த்தையை அவள் வாயில் திணிக்காதே. உனக்குப் பிடிக்காத வார்த்தையைச் சொன்னாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவள் சரி என்பாள் என்று என் மனசு சொல்கிறது, இல்லை என்றாலும் அவளை மரியாதையாக ரயில் ஏற்றிவிடு.

கிளம்பும்போது வண்டியை முறுக்கிக்கொண்டே, அத்தை, உங்க ஊருக்கு நீங்க இன்னா வார்த்தை சொல்லுவீங்க என்று கேட்டாள். நான் இந்த ஊருக்கு வாழ வரும்போது என் மாமா வந்து பார்த்துவிட்டுப் போய்க் கிணறு என்று சொன்னார், அதுதான் கடைசி, என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. யோசிச்சு சொல்றேம்மா என்றேன். இன்றைக்குக் கடைக்குப் போன இடத்தில் நின்று நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், புதிதாக வாழ வந்தவள் மாதிரி. இன்னா தேடுற என்று அப்பா கேட்டார். வார்த்தை கிடைத்ததும் முதலில் அவளுக்குத்தான் சொல்வேன்.

மாகறல் சாமி உனக்கு எல்லா நலமும் தரட்டும், நினைத்தது நடக்கட்டும். பவளம் வெள்ளிக்கிழமை கவுச்சி சாப்பிடமாட்டாள், மறந்துவிடாதே. இன்னொரு மின்விசிறி வாங்கி வை.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
மு. ஆதிலட்சுமி