நெஞ்சு எழும்பவில்லை என்று சொன்னவர்

இன்று காலை சத்திரசிகிச்சைத் தியேட்டரில், சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கும் சுவாசக் குழாயின் உறையைக் கிழித்தேன். புதுப் பிளாஸ்டிக் மணத்தோடு உங்கள் நினைவும் வந்தது, மிஸ். நோயில் நீங்கள் இறந்துபோய் எட்டு மாதமாகிறது.

மயக்க மருந்து வைத்தியராக நான் வன்னிக்கு மாற்றலாகி வந்தபோது நீங்கள் அங்கத்தைய ஆஸ்பத்திரித் தியேட்டரின் தாதி. இருவருக்கும் ஒரே வயது. வந்த புதிதில் உங்களோடு அதிகம் கதைத்ததில்லை.

ஒருநாள் இரண்டு வயதுப் பிள்ளையொன்றை முல்லைத்தீவுக் கரையிலிருந்து தாய் தூக்கி வந்திருந்தார். குடலிறக்கத்துக்குச் சின்னச் சத்திரசிகிச்சைதான். பிள்ளை மயங்கியதும் குழாயை வைத்தேன். சரியாகப் போய்விட்டதென்றே நம்பினேன். ஆனால் வெளிவரும் மூச்சைக் காட்டும் கோடு திரையில் எழவில்லை. அந்தக் கருவி அதே கிழமையில் இரண்டு தடவை பழுதாகியிருந்ததால், அதன் வயரைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

“டொக்டர், நெஞ்சு எழும்பேல்லை. வயிறுதான் எழும்புது.”

“மெசின்தான் பிழை, மிஸ்.”

“மெசின் பிழையில்லை. குழாயை எடுங்கோ.”

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. எல்லோர் முன்னிலும் எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் எடுத்தேன். குழாய் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. முகமூடியால் காற்றுக் கொடுக்கக் கொடுக்க, நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்த உதடுகள் மெல்லச் சிவந்தன. நீங்கள் ஒரு துவாயை மடித்துப் பிள்ளையின் தோளுக்குக் கீழே வைத்தீர்கள்.

“இப்ப அவசரப்படாம ஆறுதலா வையுங்கோ. நான் நெஞ்சைப் பாக்கிறன்.”

இரண்டாவது முறை நெஞ்சு இரு பக்கமும் எழும்பியது.

தாயிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னதும் நீங்கள்தான். சொன்னேன். அவர் “ஆர் கண்டது?” என்று மட்டும் கேட்டார். உங்களைக் காட்டினேன்.

“நான் சொல்ல, டொக்டர் உடன எடுத்துப்போட்டார்,” என்றீர்கள்.

நான் உங்களோடு வாதிட்டதை நீங்கள் சொல்லவில்லை. அதை நானே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு உங்களுக்கு எத்தனையோ தடவை நன்றி சொன்னேன். இதை மட்டும் கதைக்காமலே விட்டுவிட்டேன்.

இப்போது குழாய் வைத்ததும் திரையைப் பார்க்கிறேன், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறேன். அதோடு பக்கத்தில் நிற்பவரிடமும் கேட்கிறேன்: “நெஞ்சு எழும்புதோ? எனக்காகச் சொல்லாதேங்கோ, பாத்துச் சொல்லுங்கோ.”

இன்று நின்றவர் வேலைக்கு வந்து ஒரு மாதமான தாதி. அவர் குனிந்து மூன்று மூச்சுப் பார்த்தார்.

“ஓம் டொக்டர், ரெண்டு பக்கமும்.”

அதன் பிறகுதான் குழாய் அசையாதபடி பிளாஸ்டர் ஒட்டினேன்.